கன்னி மூலைக் கூண்டு

இல்லீங்க சார், ஃபேனுக்கு அடியில நீங்களே உக்காருங்க. எனக்கு இங்க வெய்யில் அடிச்சாலும் பரவால்லைங்க. என்ற சம்சாரம் நாயைக் கூட்டிக்கிட்டு டாக்டரைப் பாக்க உள்ள போயிருக்குதுங்க. போறப்ப என்னைய இந்தப் பெஞ்சுலதான் உக்காரச் சொல்லிட்டுப் போச்சு. திரும்பி வந்து பாக்கறப்ப நான் இங்க இருக்கோணும் பாருங்க.

கூடைக்குள்ள என்னங்க, குட்டியா? அட, லேப்ரடாரு! காதைப் பாத்தாலே தெரியுதே. எங்க டக்ளசும் வந்தப்ப இப்படித்தான் ஒரு கையில அடங்கிட்டான். உங்களுக்கு இதுதான் மொத நாயா? அதான், உங்க மூஞ்சியிலயே எழுதி ஒட்டியிருக்குதுங்க. வீடெல்லாம் ஒன்னுக்குப் போகுதுங்களா? சோபாவுலயா? செருப்புலயுமா? ம்ம். கவலைய விடுங்க. சரியான ஆளுகிட்டத்தான் வந்து உக்காந்திருக்கீங்க. உங்களைக் கூப்பிட இன்னும் நேரமாகும். நான் சொல்றதக் கேட்டுக்கங்க. இதெல்லாம் அனுபவிச்சவன் சொன்னாத்தான் உண்டு.

என் பேரு தெய்வசிகாமணிங்க. இங்க ஈரோட்டுலதான் ஒரு நூல் மில்லுல ஷிப்டு சூப்பர்வைசரா இருந்து ரிட்டையர்டு ஆனேன். ஒரு ஷெட்டு ஆளுகளைக் கட்டி மேய்ச்சவனுங்க. நான் உள்ள நுழைஞ்சா வெத்தலை மெல்றவன் வாயி கூட அப்படியே நின்னுரும். அப்படிப்பட்ட ஆளுக்கு ஒரு நாய்க்குட்டியப் பழக்கறது ஒரு வேலையாங்க? நானும் அப்படித்தான் நெனச்சேன்.

பையன் பெங்களூருல இருக்கறான். ஆசைப்பட்டு வாங்கிட்டான். அவன் குடியிருக்கற அபார்ட்மெண்ட்டுல நாய் வெக்கக்கூடாதாம். வாங்கறதுக்கு முந்தி கேட்டிருக்கோணுமில்ல? கேக்கல. ஒரு ஞாயித்துக்கிழமை கார்ல கொண்டாந்து எங்க வீட்டுல எறக்கிட்டான். கூடவே ஒரு மடக்குக் கூண்டு. "அப்பா, இதுதான் டக்ளசோட ரூமு. தூங்கறது இதுக்குள்ள. தான் படுக்கற எடத்த நாய் அசிங்கம் பண்ணாது. எந்திரிச்சதும் எங்கயும் நிக்க விடாம நேரா வெளிய கூட்டிட்டுப் போங்க. சரியான எடத்துல போச்சுன்னா அந்த நிமிசமே நல்ல புள்ளைன்னு சொல்லி வாயில ஒரு துண்டு பிஸ்கட்டு வெச்சுருங்க. தப்புப் பண்ணுச்சுன்னா திட்டக்கூடாது. கண்டுக்காத மாதிரி இருந்துருங்க" அப்படின்னான்.

எனக்குச் சிரிப்பு வந்துருச்சுங்க. தப்புப் பண்ணுனா திட்டக்கூடாதாமா! மில்லுல நான் அப்படி இருந்திருந்தா ஒரு கோன் நூலு வெளிய வந்திருக்குமுங்களா? பையன் அதோட விடல. எங்க ரெண்டு பேரு போனுக்கும் வீடியோ வீடியோவா அனுப்புனான். யாரோ வெள்ளைக்காரப் பொம்பள நாய்கிட்டக் கொஞ்சிக் கொஞ்சிப் பேசறா. நான் ஒன்னு கூடப் பாக்கல. வசந்தாமணி, அதான் என்ற சம்சாரம், அவதான் உக்காந்து பாத்தா. அடுப்புல கொழம்பு கொதிக்கும், இவ பாட்டுக்கு வீடியோ பாத்துக்கிட்டிருப்பா.

அந்த மடக்குக் கூண்டைத் தூக்கிப் பாத்தனுங்க. காக்கா உக்காந்தா சாஞ்சிரும் போல இருந்துச்சு. லேப்ரடாரு எவ்வளவு பெருசா வளரும்! எங்க தெருக்கோடியில கேட்டு அடிக்கற வெல்டிங் பட்டறை இருக்குது. அவங்ககிட்டச் சொல்லி ஒன்னு அடிச்சேன். நாலு பக்கமும் இரும்பு ஆங்கிளு. வெரல் மட்டும் நொழையற மாதிரி ஜல்லடைத் தகடு. கதவுக்கு, காம்பவுண்டு கேட்டுக்குப் போடறமே, தானா விழற கொண்டி. லேசாத் தள்ளுனாப் போதும், டக்குன்னு விழுந்து பூட்டிக்கும். வெளிய இருந்துதான் தூக்க முடியும். பட்டறைக்காரன் எறக்கி வெச்சுட்டுக் கேட்டான், "ஏனுங்க, சிறுத்தை கிறுத்தை ஏதாச்சும் புடிச்சு வெச்சிருக்கீங்களா?"

சரி, இப்ப அதை எங்க வெக்கறது? பாரமான சாமான் கன்னி மூலையிலதான இருக்கோணும். தென்மேற்கு. உங்களுக்குத் தெரியாததில்ல. அந்தக் கனத்த வேற மூலையில வெச்சா வீட்டுக்காரனுக்கு ஆகாது. எங்க வீட்டுல கன்னி மூலை படுக்கிற ரூமுல வருது. அங்க வசந்தாவோட பீரோ இருந்துச்சு, கல்யாணத்துக்கு அவங்கப்பா குடுத்தது. அவ கோயிலுக்குப் போயிருந்த நேரமாப் பாத்து, கூண்டு எறக்குன ஆளுகளையே புடிச்சு பீரோவத் தூக்கி வாசல் வராண்டாவுல வெச்சுட்டு, கூண்டை அந்த எடத்துல வெச்சேன். சந்தனம் குங்குமம் வெச்சு, கதவுல ஒரு எலுமிச்சம்பழமும் கட்டுனேன். அவ வந்தா. சூடம் காட்டிட்டு தட்டை நீட்டுனேன், தொட்டுக் கும்புட்டுக்கச் சொல்லி. கும்பிடல. வராண்டாவுக்குப் போயி பீரோவத் தொறந்து மூடித் தொறந்து மூடிப் பாத்துக்கிட்டிருந்தா. "இனிமே தெருவுல போறவங்க பாக்கத்தான் நான் பொடவை எடுக்கோணுமா?"ன்னா. அதுக்குள்ள டக்ளஸ் எலுமிச்சம்பழத்தத் தின்னுட்டான். நான் அதைப் பாப்பனா, இவளுக்குப் பதில் சொல்லுவனா?

அப்பறம் பழக்க ஆரம்பிச்சேன். என்ற முறைதான். குட்டி வீட்டுல எங்க ஒன்னுக்குப் போனாலும், ஒரு அதட்டு. கழுத்தோட தூக்கு. கூண்டுக்குள்ள விடு. கதவைச் சாத்து. தப்புச் செஞ்சா உள்ள. அவ்வளவுதான். நனைஞ்சுரக் கூடாதேன்னு உள்ள பேப்பரும் விரிச்சு வெச்சிருந்தேன்.

நாயிக்கு மூளை இல்லைன்னு யாருங்க சொன்னது? ஒரே வாரத்துல புரிஞ்சுக்கிட்டான். ஒன்னுக்கு வந்தா கூண்டுக்குள்ள போகோணும், இதான அவன் புரிஞ்சுக்கிட்டது! ஆமாங்க. கூண்டு அவனுக்குக் கக்கூசு ஆயிப்போச்சு. காலைல வாக்கிங் கூட்டிட்டுப் போவேன். எல்லாக் கம்பத்தையும் மோந்து பாப்பான், ஒரு சொட்டு விடமாட்டான். அடக்கி அடக்கி வெச்சிருந்து, வீட்டுக்குள்ள காலு வெச்சதும் ஓட்டமா ஓடி, கூண்டுக்குள்ள பேப்பர் மேல நிம்மதியாப் போயிட்டு, வெளிய வந்து என்ற தலைகாணியில தலைய வெச்சுப் படுத்துக்குவான். கூண்டுக் கதவு சாத்தியிருந்தா? அதுக்கு முன்னால நின்னு காலு மாத்தி காலு வெச்சுக்கிட்டு நிப்பான், நாம பாத்ரூமு வாசல்ல நிக்கறமே, அதே மாதிரி. பொறுத்துப் பொறுத்துப் பாத்துட்டு கடைசில ரூமுக்கு வெளிய நடையிலயே விட்டுருவான்.

அந்த நடை ஈரத்துலதான் ஒரு நாள் வசந்தா வழுக்கி விழுந்தா. கையில கொழம்புச் சட்டி. சட்டி விழுந்த சத்தத்துல குட்டி வீல்னு கத்துச்சு பாருங்க. ஓடிப் போயித் தூக்கித் தட்டிக் குடுத்தேன், குட்டியத்தான். "பாத்து வரக்கூடாதா வசந்தா, எப்படிப் பயந்துக்கிச்சு பாரு"ன்னு சொன்னேன். தப்பா ஒன்னும் சொல்லல.

அவ எந்திரிச்சா. கொழம்பத் தொடச்சா. குளிச்சு வேற பொடவை கட்டிக்கிட்டு வந்து என்ற முன்னால நின்னா. "பீரோ வராண்டாவுல. நாயி கட்டல்ல. நான் எங்கங்க?"ன்னா. நான் அப்பத்தான் டீ குடிச்சுட்டு டம்ளரைச் சேருக்கு அடியில வெச்சேன். அதை ஒரு பார்வை பாத்தா. கட்டல் மேல கெடந்த என்ற ஈரத் துண்டையும் பாத்தா. "இந்த வீட்டுல பழக்க வேண்டியது அந்த வாயில்லாச் சீவனை மட்டுந்தானா?"ன்னு கேட்டா. எனக்கு ஒன்னும் வெளங்கல. வேற எதைப் பழக்கறதுங்க? எங்க வீட்டுல ஒரு பூனை கூடக் கெடையாது.

"வீடு வீடா ஆனாச் சொல்லி அனுப்புங்க, வர்றேன்"னுட்டு பையத் தூக்கிக்கிட்டு கோபிக்குப் பஸ் ஏறிட்டா. அங்க அவ தங்கச்சி வீடு. ஒரு நாயிக்காகக் கோவிச்சுக்கிட்டுப் போவாங்களா சார்? ஊருல கேட்டா சிரிக்கமாட்டாங்களா? அவளுக்கு டக்ளஸ் மேல பொறாமை, வேறென்ன.

நானும் வீம்பா இருந்தேன். போன் பண்ணல. சாப்பாட்டுக்கு ஒன்னும் கஷ்டமில்ல, பக்கத்துல மெஸ் இருக்குது. பொழுது எறங்குனாத்தான் சிரமம். வாசல் லைட்டு எரியாது. அவதான் போடுவா. நான் போடலாம், ஆனா அது எந்தச் சுவிட்சுன்னு எனக்குத் தெரியலைங்க. ஒவ்வொன்னாத் தட்டிப் பாத்தேன். மோட்டாரு ஓடுச்சு, ஃபேனு ஓடுச்சு, அது மட்டும் எரியல. இருட்டுல நானும் டக்ளசும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தம். அவ இல்லாம என்னால இருக்க முடியலைங்க சார். உங்ககிட்டச் சொல்றதுக்கு என்ன வெக்கம், முடியல, அவ்வளவுதான்.

எப்படியாச்சும் டக்ளசைத் திருத்திப்போடோணும், வீடு வீடாயிருச்சு வந்துருன்னு அவகிட்டச் சொல்லோணும், இதே நெனப்பு எனக்கு. யோசிச்சு யோசிச்சுப் பாத்ததுல ஒன்னு தோணுச்சு. மில்லுல புது ஆளு வந்தா நான் வாயில சொல்லித் தரமாட்டேன். அறுந்த நூலை நானே முடிஞ்சு காட்டுவேன். ஒருக்காக் காட்டுனா ஆளு புடிச்சுக்குவான். இவனுக்கு யாரு படுத்துக் காட்டுனாங்க? கூண்டு படுக்கறதுக்குன்னு இவனுக்கு எப்படித் தெரியும்?

ஒரு மத்தியானம் சாப்புட்டுட்டு, மோரு குடிச்சுட்டு, கூண்டைக் கழுவித் தொடச்சு, புதுப் பேப்பர் விரிச்சு, தலைகாணி போட்டு உள்ள போனேன். ஒடம்பு ஒல்லியா இருக்கறது எவ்வளவு வசதி பாத்தீங்களா? காலை மடக்கிக்கிட்டா நல்லாவே கொள்ளுது. கண்ண மூடிக்கிட்டு, அவனுக்குப் புரியோணும்னு கொறட்டை கூட விட்டுக் காட்டுனேன். டக்ளஸ் பாத்தான். வாலை ஆட்டிக்கிட்டு வந்தான். உள்ள வருவான்னு பாத்தா, ரெண்டு முன்னங்காலையும் தூக்கிக் கதவு மேல வெச்சு நின்னான்.

டக்.

கொண்டி விழுந்துருச்சுங்க.

தள்ளிப் பாத்தேன். ஒதைச்சுப் பாத்தேன். பட்டறைக்காரன் நல்ல வேலைக்காரன், அதுல கொறையே சொல்ல முடியாது. ஜல்லடை ஓட்டையில வெரலை விட்டேன், கொண்டிக்கு எட்டல. "டக்ளஸ், தூக்குடா"ன்னேன். அவன் கட்டல்ல ஏறி, என்ற எடத்துல, மிச்சம் இருந்த தலைகாணியில தலைய வெச்சுத் தூங்கிட்டான்.

சட்டைப் பையில போன் இருந்துச்சு. ஆனா யாரைக் கூப்புடறது? மேக்கால வீட்டு சுப்பராயனைக் கூப்புட்டா ஓடி வருவாரு. ஆனா அந்த வாரந்தான் தெருவுல நின்னு நான் அவருகிட்டச் சொல்லியிருந்தேன், நாயைப் பழக்கறது எப்படின்னு எங்க வீட்டுல வந்து பாருங்கன்னு. இந்தக் கோலத்துலயா வந்து பாக்கறது? ஃபயர் சர்வீசைக் கூப்புட்டா அடுத்த நாள் பேப்பர்ல போட்டோ வந்துரும். வேற வழியில்ல. கோபிக்கே போட்டேன்.

மொத மணியிலயே எடுத்துட்டா. "நல்லாருக்கியா?"ன்னேன். "என்ன விசயம்?"னா. "கூண்டு"ன்னேன். "ஐயோ, டக்ளஸ் உள்ள மாட்டிக்கிச்சா?"ன்னு பதறுனா. "டக்ளஸ் வெளியதான் இருக்கறான்"னேன். அந்தப் பக்கம் யாரோ விழுந்து விழுந்து சிரிக்கறது கேட்டுச்சு. அவ தங்கச்சியா இருக்கும்.

கோபியில இருந்து பஸ்ஸு வரோணுமில்லைங்களா. நடுவுல எல்லா ஊருலயும் நிக்கும். எனக்கு அந்த மோரு வேலையக் காட்ட ஆரம்பிச்சுருச்சு. பொறுத்துக்கிட்டேன். அடியில பேப்பர் இருக்குது. நெனைச்சுப் பாருங்க, பேப்பர் விரிச்சே இருக்குது. ஆனா தெய்வசிகாமணி அந்தக் காரியத்தப் பண்ணுவானுங்களா? பல்லைக் கடிச்சுக்கிட்டுக் கெடந்தேன். டக்ளஸ் நடுவுல எந்திரிச்சு வந்து, கதவுக்கு முன்னால நின்னு காலு மாத்தி காலு வெச்சான். அவனுக்கும் அவசரம். ரெண்டு பேரும் தகட்டுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமா நெளிஞ்சுக்கிட்டிருந்தம். அவன் நடையில போயிட்டு வந்துட்டான். அவனுக்கு வசதி.

வசந்தா வந்தா. சாவி அவகிட்ட ஒன்னு இருக்குது. காலைக் கழுவுனா. டக்ளசைக் கொஞ்சுனா. நடையத் தொடச்சா. சமையக்கட்டுக்குப் போயி ஒரு காப்பி போட்டு எடுத்துக்கிட்டு வந்தா, அவளுக்கு. கூண்டுக்கு முன்னால ஒரு ஸ்டூலப் போட்டு உக்காந்தா.

"வசந்தா, தெற"ன்னேன்.

"தெறக்கறேன். அதுக்கு முந்தி கொஞ்சம் பேசோணுங்க"ன்னா.

சாதாரணமா அவ இப்படி ஆரம்பிச்சா நான் தோட்டத்துக்குத் தண்ணி விடப் போயிருவேன். இல்லைன்னா டீவியச் சத்தமா வெச்சுக்குவேன். அன்னைக்கு எங்க போறது?

"கல்யாணமாகி வந்தன்னைக்கு அந்தப் பீரோவ எங்க வெக்கோணும்னு உங்கம்மா சொன்னாங்க. இப்ப நாயிக்காக நீங்க சொல்றீங்க. அது என்ற பீரோ. எங்க வெக்கறதுன்னு என்னைய ஒருக்காவாச்சும் கேட்டீங்களா?"ன்னா.

"சரி, கேக்கறேன். மொதல்ல தெற"ன்னேன்.

"அவசரமா?"

"ஆமா."

"செத்த இருங்க. இன்னொன்னு சொல்லிர்றேன். நான் வழுக்கி விழுந்தன்னைக்கு நீங்க யாரைத் தூக்குனீங்க?"

யோசிச்சுப் பாத்தேன். டக்ளசைத்தான் தூக்குனேன். அவன்தானுங்களே பக்கத்துல இருந்தான்? அதைச் சொல்லலாம்னு வாயெடுத்தேன். பாத்தா, அவ கண்ணுல தண்ணி. காப்பிய அப்படியே கையில வெச்சுக்கிட்டு அழுதா. "இடுப்பு இன்னும் வலிக்குதுங்க. அடிபட்டுச்சான்னு நீங்க இதுவரைக்கும் கேக்கல"ன்னா. ஜல்லடைத் தகட்டுல பாத்தா அவ மூஞ்சி சின்னச் சின்ன வட்டமாத் தெரியுது. "பீரோவ மறுபடி உள்ளயே வெச்சுரலாம் வசந்தா. கூண்டை எங்க வேணும்னாலும் தூக்கிப் போட்டுக்கலாம். கன்னி மூலையும் வேண்டாம், ஒன்னும் வேண்டாம், நீ இரு"ன்னேன். அவசரத்துல சொன்னதில்லைங்க, மனசாரத்தான் சொன்னேன். அவசரமும் இருந்துச்சு.

கொண்டியத் தூக்குனா. நான் காலை நீட்டி நிமிர்றதுக்குள்ள, எங்கயும் நிக்க விடாம, கையப் புடிச்சு நேராப் பொறவாசல் பாத்ரூமுக்குக் கூட்டிட்டுப் போனா. வெளிய காத்துக்கிட்டு நின்னா. நான் வந்ததும் சிரிச்சுக்கிட்டே, "நல்ல புள்ள"ன்னு சொல்லி, ஒரு துண்டு கடலை மிட்டாய என்ற வாயில வெச்சா. கோபியில இருந்து வாங்கிட்டு வந்தது. கல்யாணமாகி இத்தனை வருசத்துல அவ என்னைய அப்படிச் சொன்னதே இல்லைங்க. எனக்குக் கண்ணு கலங்கிருச்சு.

அன்னையில இருந்து அவ அடியோட மாறிட்டா சார். அதைத்தான் உங்ககிட்டச் சொல்ல வந்தேன். முன்னயெல்லாம் துண்டைக் கட்டல்ல போட்டா ஊரே கேக்கறாப்புல சத்தம் போடுவா. இப்ப ஒரு வார்த்தை சொல்றதில்ல. கண்டுக்காத மாதிரி இருந்துக்கறா. எனக்குத்தான் என்னமோ சங்கடமாப் போயிரும். எடுத்துக் கொடியில போடுவேன். போட்ட கை எறங்கல, "நல்ல புள்ள", ஒரு துண்டு மிட்டாயி. டம்ளரைக் கொண்டு போயித் தொட்டியில வெச்சா ஒரு துண்டு. வாசல் லைட்டு எந்தச் சுவிட்சுன்னு இப்ப எனக்குத் தெரியுமுங்க. அதுக்கு ரெண்டு துண்டு குடுத்தா. பையில ரெண்டு டப்பி வெச்சிருக்கறா. நீல மூடி டக்ளசுக்கு, செவப்பு மூடி எனக்கு. ஒருக்கா மாறிப்போச்சு. நாய் பிஸ்கட்டும் ஒன்னும் மோசமில்லைங்க.

இப்ப கொஞ்ச நாளா எல்லாத்துக்கும் தர்றதில்ல. சில சமயம் தர்றா, சில சமயம் தலையத் தடவிக் குடுத்துட்டுப் போயிர்றா. ஆனாலும் இந்தத் தடவை வந்தாலும் வரும்னு ஒரு நெனப்புலயே வேலை நடந்துருதுங்க. வயசானா பொம்பளைங்களுக்குப் புருசன் மேல பிரியம் சாஸ்தியாகும் போல.

டக்ளசா? அவன் எப்பவோ திருந்திட்டான். பையன் குடுத்த அந்த மடக்குக் கூண்டுலதான் இப்பப் படுக்கறான், ஒரு சொட்டு உள்ள போறதில்ல. கதவைத் தொறந்தா நேரா வெளியதான். அன்னைக்கு நான் படுத்துக் காட்டுனேனே, அதான் காரணம். வசந்தாவும் கூடமாட இருந்து ஒத்தாசை பண்ணுனா, இல்லைன்னு சொல்லக்கூடாது. இரும்புக் கூண்டு பொறவாசல்ல கெடக்குது, தேங்கா போட்டு வெச்சிருக்கறம். பீரோ பழைய எடத்துலயேதான் இருக்குது. எங்க வெக்கறதுன்னு நான் வாய் தொறந்து கேட்டேன். அதுக்குக் குடுத்தா பாருங்க, ஒரு முழு மிட்டாயி.

அதனால நான் என்ன சொல்ல வர்றன்னா, நாயைப் பழக்கறதுல மொதல்ல வேண்டியது வீட்டுத் தலைவனோட கண்டிப்பு. நாம எந்திரிச்சா அது எந்திரிக்கோணும், நாம உக்காருன்னா உக்காரோணும். வீட்டுல யாரு சொல்றது நடக்குதுன்னு அதுக்கு…

இதா, வந்துட்டா. டேய் டக்ளஸ், ஊசி போட்டுட்டாங்களா சாமி? வசந்தா, நான் எந்திரிக்கவே இல்ல. வெய்யிலு மூஞ்சியிலயே அடிச்சுச்சு, இவரு ஃபேனுக்கு அடியில வாங்கன்னு எவ்வளவோ கூப்புட்டாரு. நகரல. வேணும்னா இவரையே கேட்டுப்பாரு. சொல்லுங்க சார், நகந்தனுங்களா?